பால் குறையும் மாதங்களின் சமையல்: சப்ரகமுவத் தோட்டங்களில் பருவ உணவு உருவான வரலாறு

தை மாதக் கடைசியில் கேகாலை மாவட்டத்து இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கும். மாசி பிறந்து சில நாளில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல மலைச்சரிவுகள் மொட்டையாக நிற்கும். பிறகு செம்புநிறத் தளிர் விட்டு, பங்குனி முடிவதற்குள் மலை மறுபடி பச்சையாகிவிடும். இலங்கைக்கு இளவேனில் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இறப்பர்த் தோட்டத்தில் இலையுதிர்காலமும் இளவேனிலும் இரண்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்துபோகின்றன. புதிய இலை முற்றும்வரை மரத்தில் பால் குறைவு. சில மலைகளில் வெட்டே நிறுத்தப்படும். பால்வெட்டை நம்பிய குடும்பங்களின் கைக்காசும் அந்த மாதங்களில் சுருங்கும். அதே மாதங்களில்தான் லயத்துக்குப் பின்னாலும் ஓடைக்கரையிலும் நிற்கும் பலாவில் பிஞ்சு இறங்குகிறது.

இந்த இரண்டும் ஒரே காலத்தில் நேர்வதுதான் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தமிழரின் பருவ உணவைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த உணவு அவர்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததன்று. தோட்டம் கொடுத்ததுமன்று. தோட்டம் கொடுத்த அரிசி தவறிய ஒவ்வொரு முறையும் அயல் சிங்களக் கிராமத்தைப் பார்த்துக் கற்று, கூலியின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்திக்கொண்ட அறிவு அது. மலையக ஆய்வுகள் கூலி, குடியுரிமை, வாக்குரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக எழுதியிருக்கின்றன, எழுதவேண்டியவையே. உணவு என்று வரும்போது மட்டும் அரிசிக் கொத்தும் கோதுமை மா ரொட்டியும் சொல்லி முடித்துவிடுகிறோம். அதுவும் பெரும்பாலும் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ரொட்டி. பலாவும் ஈரப்பலாவும் கித்துளும் வளரும் தாழ்நிலத் தோட்டங்களின் அடுப்பு வேறு. அதற்குத் தனி வரலாறு உண்டு.

கோப்பிக்காலத்தில் மாசி இல்லை

இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் தோட்டங்கள் தொடங்கியது கோப்பியோடு. கோப்பி அறுவடை ஆவணி, புரட்டாதியில் தொடங்கி மார்கழி, தையோடு ஓயும். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். ஆண்டின் முற்பகுதியில் அவர்களுடைய அடுப்பு எரிந்தது காவிரிக்கரையிலும் வைகைக்கரையிலும். சித்திரைக்கு வேப்பம்பூவும் மாங்காயும் சேர்த்துச் செய்த பச்சடி அவர்களுடைய சொந்த ஊர்ப் பருவத்தைச் சேர்ந்தது. தோட்டத்தின் மாசி, பங்குனியை அவர்கள் பார்த்ததே குறைவு.

1869 இல் கண்டறியப்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பன்னிரண்டு மாதமும் வளரும். தொடர்ந்து இறப்பர் வந்தது. 1876 இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளின் சந்ததி, 1905 ஐ ஒட்டிய விலையேற்றத்தில் களனிப் பள்ளத்தாக்கை நிறைத்தது. அதற்குப் பிறகுதான் குடும்பங்கள் குடும்பங்களாக லயங்களில் நிலைத்தன. சப்ரகமுவத்தின் மாசிவெயில், பங்குனியின் மாலை இடிமழை, வைகாசியில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஆகிய மூன்றையும் வரிசையாக வாழ்ந்து பார்த்த முதல் தலைமுறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவாகிறது.

அந்தத் தலைமுறைக்குப் பருவம் தேவைப்படாதபடி ஒரு சாப்பாட்டு முறையைத் தோட்டம் வைத்திருந்தது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுக்கமான இருப்புப்பாதை 1902 இல் அவிசாவளைக்கும் அடுத்த ஆண்டு யட்டியாந்தோட்டைக்கும் 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் எட்டியது. அது இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கியது. திரும்பும்போது பர்மா அரிசியையும் இந்திய அரிசியையும் ஏற்றி வந்தது. தோட்டக் களஞ்சியத்தில் அரிசி அளந்து கொடுக்கப்படும். அதன் விலை கூலியில் கழிக்கப்படும். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, தாழ்நாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். உயர்நாட்டைவிட ஆணுக்கு 4 சதமும் பெண்ணுக்கு 3 சதமும் குறைவு. மாசியிலும் ஐப்பசியிலும் அதே அரிசி, அதே பருப்பு, அதே கருவாடு. ஆண்டு முழுவதும் ஒரே சாப்பாடு என்பது கம்பும் கேழ்வரகும் விளைச்சலுக்கேற்ப உண்டு பழகிய மக்களுக்குப் புதிது. இது ஒரு நிர்வாக ஏற்பாடு. தொழிலாளியின் வயிறு தோட்டக் கணக்கேட்டில் ஒரு நிலையான எண்ணாக இருக்கவேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது அது.

வேலிக்கு அப்பால்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டம் முடியும் இடத்தில் இன்னொரு தோட்டம் தொடங்கும். சப்ரகமுவத்தில் அப்படியில்லை. தேயிலை மலையின் அடிவாரத்திலேயே வயல், வயலுக்கு மேலே சிங்களக் குடும்பத்தின் வீட்டுத்தோட்டம், அதில் பலா, ஈரப்பலா, கமுகு, கித்துள், மிளகு. லயத்திலிருந்து கூப்பிட்டால் கிராமத்தில் கேட்கும் தூரம். அந்த வீட்டுத்தோட்டத்தின் சமையலறிவு மிகப் பழையது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ராபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் பலாவைப் பற்றி எழுதுகிறார். பிஞ்சாக இருக்கும்போது ஒரு பெயர், முற்றிய காய்க்கு வேறு, பழுத்தால் இன்னொன்று என்று அவர் பதிந்திருக்கும் பிரிப்பு இன்றும் மாறவில்லை: பொலோஸ், கொஸ், வரக்கா. பலாவை மக்களின் முக்கிய உணவாகவே அவர் குறிக்கிறார். தமிழருக்கும் பலா புதிதன்று. ஆனால் நம் இலக்கியத்திலும் விருந்திலும் அது முதன்மையாகப் பழம். ஒரே மரத்தின் விளைச்சலைப் பிஞ்சு, காய், பழம், கொட்டை என்று நான்கு நிலைகளில் பிரித்து நான்கு வகையாகச் சமைத்துச் சோற்றுக்குப் பதிலாகவே வைக்கும் முறையை லயத்துப் பெண்கள் கண்டிச் சிங்களப் பெண்களிடமிருந்து கற்றார்கள்.

எப்போது கற்றார்கள்? இதற்கு ஆவணம் கிடையாது. தோட்ட அலுவலகம் கொடுத்த அரிசியை எழுதியது. மக்கள் பறித்ததை எழுதவில்லை. ஆகவே அரிசி தடுமாறிய ஆண்டுகளைப் பார்க்கவேண்டும். முதலாவது, 1930 களின் தொடக்கத்து விலைவீழ்ச்சி. இறப்பர் விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே போனது. களனிப் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வெட்டை நிறுத்தின, கூலியைக் குறைத்தன, ஆயிரக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பின. 1934 இன் சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் விலை நிமிர்ந்தது. வேலைநாள் அவ்வளவு நிமிரவில்லை. வேலையில்லாத நாளும் அருகில் கிராமமும் இருந்த முதல் காலம் இதுதான்.

ஆனால் அதே 1934 இன் இறுதியில் நிலை தலைகீழானது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, மலேரியா பரவியது. சில மாதங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. பட்டினியால் மெலிந்திருந்த கிராம உடல்களை நோய் எளிதில் சாய்த்தது. களனிப் பள்ளத்தாக்கில் நிவாரணப்பணி செய்த சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு, மார்மைட்டை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தது நோயின் வேர் பசியில் இருந்ததைக் கண்டதால்தான். தோட்டங்களில் கொயினாவும் மாதாந்த அரிசியும் இருந்தன, சாவு குறைவு. பலா மரம் மட்டும் மக்களைக் காப்பாற்றிவிடும் என்று எளிதாக எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இதை இங்கே வைக்கிறேன்.

பலாவைப் பஞ்சத்துக்கான காப்பாக நினைத்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ், 1915 கலவர நாட்களில் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டு மீண்டவர். பத்து லட்சம் பலா நடவேண்டும் என்று அவர் நடத்திய இயக்கத்தால் மக்கள் அவரைக் கொஸ் மாமா என்றே அழைத்தார்கள். அவருடைய கன்றுகள் கிராமத்தின் வீட்டுத்தோட்டத்தை நினைத்து நடப்பட்டவை. லயத்துக்குப் பின்னால் நின்ற பலாக்கள் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டு நட்டவையல்ல. தின்று எறிந்த கொட்டை முளைத்தவை. பழைய லயம் இடிந்த இடத்தை இன்றும் பலாவும் மாவும் அடையாளம் காட்டுகின்றன. ஒரு வரலாற்று மாணவருக்கு அவை கல்வெட்டுக்குச் சமம்.

1942, 1952, 1974

உண்மையான திருப்பம் 1942. ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசியின் பெரும்பங்கு ஒரேயடியாக நின்றது. பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. இன்று மலையகத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் ரொட்டி அந்தப் போர்க்காலப் பங்கீட்டில் ஊன்றிக்கொண்டது. தோட்டங்களும் உணவுப்பயிர் நடவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. மரவள்ளி, வற்றாளை, குரக்கன் நடப்பட்டன.

அதே ஆண்டு மலாயாவும் வீழ்ந்தது. நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை இறப்பரில் முதலிடம் இலங்கைக்கு வந்தது. மரம் பட்டாலும் சரி, கிடைத்தவரை வெட்டு என்பது ஆணை. முதிர்ந்த மரங்கள் ஓய்வின்றி வெட்டப்பட்டன. இலையுதிர்காலத்தின் ஓய்வு மரத்துக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. வேலை மிகுதி, அரிசி குறைவு என்ற இந்தச் சேர்க்கை முன்பு இருந்ததில்லை. வெள்ளாப்பில் பெரட்டுக்குப் போகும் பெண் இரவே அடுப்பில் வைத்துவிட்டுப் போகக்கூடிய உணவு வேண்டியிருந்தது. மண்சட்டியில், இறப்பர் விறகின் தணலில், இரவெல்லாம் வேகும் பிஞ்சுப் பலாக்காய் அதற்குப் பொருத்தமாக இருந்தது. பொலோஸ் லயத்துக்குள் நிலைத்த காலம் இதுவே என்பது என் கணிப்பு.

பத்து ஆண்டு கழித்து இறப்பரும் அரிசியும் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளப்பட்டன. 1952 டிசம்பரில், அப்போதைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க பீக்கிங்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் சீன அரிசி. கேகாலையில் சிரட்டையில் வடிந்த பால் அரிசியாகத் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். பங்கீட்டுக் கடையில் அரிசி நின்றது; பருவ உணவு சற்றுப் பின்வாங்கியது. பொலோஸ் பசிக்கு உண்பதிலிருந்து விருப்பத்துக்கு உண்பதாக மாறத் தொடங்கியது இந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளி நீளவில்லை. 1966 இறுதியில் பங்கீட்டு அரிசி பாதியாகக் குறைந்தது. 1973, 1974 இல் உலகச் சந்தையில் தானியவிலை ஏற, அரசு அரிசியையும் மாவையும் மேலும் குறைத்தது. அதே நேரம் 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் கைமாறின. கைமாறிய இடங்களில் வேலைநாள் சுருங்கியது. ஒரு பிடி நிலமும் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளர்தான் இதில் அதிகம் விழுந்தார்கள். தோட்டத்துறையின் இறப்புவிகிதம் 1974 இல் வெகுவாக உயர்ந்தது. பட்டணத்துத் தெருக்களில் தோட்டத்துக் குடும்பங்கள் கையேந்தி நின்றன. சப்ரகமுவத்திலும் பசி இருந்தது. ஆனால் அங்கே மரம் இருந்தது. குளிர்ந்த உயர்மலைத் தோட்டங்களில் பலா காய்ப்பதில்லை. இந்த வேறுபாடு எத்தனை உயிர்களைக் காத்தது என்று எந்தப் பதிவேட்டிலும் எண்ணமுடியாது. அந்த ஆண்டுகளை வாழ்ந்தவர்கள் பேசும்போது பலாக்கொட்டையும் மரவள்ளியும் தகரைக்கீரையும் முதலில் வருவதை வைத்துத்தான் அறியவேண்டியிருக்கிறது.

கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையே எப்போதும் பாசம் ஓடியது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 1977 இல் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தன. 1983 இல் மறுபடியும். ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கும் போனார்கள். காய்ந்த வன்னி மண்ணில் அவர்கள் காடு வெட்டிக் குடியேறியபோது, பலாவை நம்பிய சமையலறிவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. தங்கியவர்களின் அடுப்பில் அது தொடர்ந்தது. அடித்தவனின் ஊரும் பொலோஸ் சமைக்கச் சொல்லித்தந்தவளின் ஊரும் ஒன்றாக இருந்ததை இந்த வரலாறு மறைக்கமுடியாது.

பிஞ்சிலிருந்து கொட்டைவரை

இனி அடுப்புக்கு வருவோம். பலாவின் வளர்ச்சியும் பால்வெட்டின் வருமானமும் எவ்வளவு நெருக்கமாக இணைந்திருக்கின்றன என்பதை இங்குதான் காணமுடியும்.

பால்வெட்டுக் குடும்பத்துக்கு ஆண்டில் இரண்டு இறக்கங்கள். ஒன்று மாசி, பங்குனியின் இலையுதிர்வு. மற்றது வைகாசி முதல் ஆடிவரை பெய்யும் தென்மேற்கு மழை. பட்டை நனைந்தால் வெட்டமுடியாது, வெட்டினாலும் பால் மழையோடு ஓடிவிடும். முதல் இறக்கத்தில் பலா பிஞ்சாக இருக்கிறது; இரண்டாவதில் முற்றிய காயாகவும் பழமாகவும் இருக்கிறது. மழை தீவிரமாகும்போது கொட்டை மிஞ்சுகிறது. நொக்ஸ் எழுதிய மூன்று நிலைகள் அப்படியே ஒரு தொழிலாளர் குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்காகிவிட்டன.

பிஞ்சை வெட்டும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். முள்தோல் சீவி, நடுத்தண்டோடு துண்டுபோட்டு, பால் போக நீரில் இடுவார்கள். கிராமத்து முறையில் வறுத்த கறித்தூள், கொறுக்காய்ப்புளி, ரம்பை, கறிவேப்பிலை, மாசிக்கருவாடு, தேங்காய்ப்பால் சேர்த்து, காய் கருஞ்சிவப்பாகும்வரை மெல்லிய தணலில் விடுவார்கள். லயத்தில் தேங்காய் விலைக்கு வாங்கும் பொருள். ஆகவே பால் குறையும், கொறுக்காய்க்குப் பதில் பழப்புளி வரும், கொச்சிக்காய் கூடும், கடைசியில் கடுகும் வெங்காயமும் தாளித்துக் கொட்டுவார்கள். கிராமத்தில் தாளிப்பு முதலில், லயத்தில் பெரும்பாலும் கடைசியில். இந்தக் கடைசித் தாளிப்பு தமிழ்நாட்டுப் பழக்கம். சிங்களப் பெண்ணிடம் கற்ற கறி தமிழ்ச் சட்டியில் முடிகிறது.

முற்றிய காயின் சுளையை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்தால் அது சோறு. கூடப் பருப்போ கருவாடோ இருந்தால் விருந்து. மழைக்காலத்தில் ஒரு பெரிய காய் இரண்டு மூன்று குடும்பத்துக்குப் போதும். அதனால் பலா வெட்டுவது தனி வீட்டு வேலையாக இருப்பதில்லை. கொட்டையைக் கழுவிக் காயவைத்து மணலில் புதைத்துவைப்பது கிராமத்திலிருந்து வந்த முறை. மாதக்கணக்கில் கெடாது. வறுத்த தேங்காயை அரைத்த கறுப்புக் குழம்பிலும், முருங்கைக்காயோடும், நெத்தலிக் கருவாட்டோடும், ஒன்றுமில்லாத நாளில் தணலில் சுட்டும் அது தீரும்.

பங்குனி, சித்திரையின் மாலை இடிமழைக்கு வேறொரு வரிசை உண்டு. முதல் மழைக்குத் தகரை முளைக்கும். அது தமிழ்நாட்டுக் கிராமத்திலும் புஞ்சை ஓரத்தில் முளைக்கும் கீரை. முன்னோருக்குத் தெரிந்த ஒன்று கடல் கடந்தும் காத்திருந்தது. பொன்னாங்காணியும் வல்லாரையும் அப்படியே பழகியவை. ஆனால் சேற்றுநிலத்து முள்தண்டான கொஹிலவும், ஓடைக்கரையில் சுருள்நுனியோடு எழும் மீவனப் பன்னமும் கிராமத்திடமிருந்து வந்தவை. பச்சையாக நறுக்கித் தேங்காய்ப்பூவோடு ஒரு கொதியில் இறக்கும் சிங்கள மல்லுமையும், வதக்கிக் கடையும் தமிழ்க் கீரையையும் லயத்துப் பெண்கள் இரண்டாகவே வைத்துக்கொண்டார்கள். எந்தக் கீரைக்கு எது என்பதில் குழப்பமில்லை. இடி இடித்த மறுநாள் விடியலில் புற்றுமண்ணில் காளான் எழும். இடம் தெரிந்தவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். தாய் மகளுக்குக் காட்டுவாள்.

தேயிலைத் தோட்டத்தில் இதே மாதங்கள் வேறுவிதம். மழைக்குக் கொழுந்து பெருகும். இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையில் சித்திரை, வைகாசி கை ஓயாத மாதங்கள். மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டு, சமைக்க நேரம் இல்லை. அங்கே பிஞ்சுப் பலாவைவிடப் பறித்த கையோடு வதக்கும் கீரை முன்னுக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். ஒரே மழை, ஒரே மாவட்டம். பயிர் மாறினால் கறி மாறுகிறது.

கித்துள் தனிக்கதை. பாளை சீவுவது கிராமத்து ஆண்களின் கைத்தொழில். லயத்தார் அதில் இறங்கியது அரிது. பதனீர் காய்ச்சிய பாணியும் கருப்பட்டியும் வாங்குவார்கள். மழை குறைந்த மாதங்களில் அது தாராளமாகக் கிடைக்கும். சீனி தட்டுப்பட்ட 1970 களில் வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் லயத்தில் பெருகி, சீனி திரும்பிய பிறகும் போகவில்லை.

இந்த மாதங்களுக்கு ஒரு சடங்கும் உண்டு. மலையகத் தோட்டங்களில் மாசியில் காமன் நட்டு, இரதி மன்மதன் கதையைப் பல இரவுகள் ஆடி, காமனை எரித்து மீண்டும் எழுப்புவார்கள். மன்மதன் இளவேனிலின் தோழன். இறப்பர்க் காடு மொட்டையாகித் தளிர்ப்பதும் இதே நாட்கள். அதன்பின் வரும் சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாள். தோட்டம் தரும் பண்டிகை முற்பணத்தைப் பெரும்பாலோர் தீபாவளிக்கே வாங்கிவிடுவதால் சித்திரைக்குக் கைக்காசுதான், அதுவும் பால் குறைந்த மாதங்களின் கைக்காசு. முறுக்கும் அதிரசமும் கிராமத்துக் கொக்கிஸும் தட்டு மாறும். வேம்பு இந்த ஈரமண்ணில் செழிப்பதில்லை. கோயில் ஓரத்தில் நட்டுக் காப்பாற்றிய மரத்தில் எட்டியவர்களுக்குப் பூ. மற்றவர்களுக்கு வேப்பம்பூப் பச்சடி இல்லை. மாங்காயின் புளிப்பும் கருப்பட்டியின் இனிப்பும் மட்டும் எஞ்சின.

ஜப்பானில் எழுதிவைத்தார்கள்

பருவ உணவு என்றதும் உலகம் ஜப்பானைச் சொல்கிறது. இளவேனிலில் மூங்கில் குருத்து, பட்டர்பர் மொட்டு, வராபி என்னும் சுருள்பன்னம். இவற்றின் இலேசான கசப்பே பருவத்தின் சுவை என்று அங்கே போற்றுகிறார்கள். 2013 இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த மலைக்கீரைகளின் பழைய வரலாற்றில் பசி இருக்கிறது. 1780 களின் தென்மேய் பஞ்சத்துக்குப் பிறகு, வடக்கே யொனெசாவா நிலப்பகுதியின் ஆட்சி, அரிசி தவறினால் எவற்றை எப்படி உண்ணலாம் என்று ஆராய்ந்து 1802 இல் காதெமோனோ என்ற கையேட்டை வெளியிட்டது. வராபியைச் சாம்பல்நீரில் ஊறவைத்தும், மூங்கில் குருத்தை அரிசி கழுவிய நீரில் அவித்தும் காறல் நீக்குகிறார்கள். நம் பெண்கள் சேப்பங்கிழங்கைக் கழுநீரில் இடுவதும் அதே அறிவு.

வேறுபாடு ஒன்றே. அங்கே ஆட்சியே பஞ்ச உணவை அறிவாக மதித்து அச்சிட்டது. அது நின்று, வளர்ந்து, கலையானது. சப்ரகமுவத் தோட்டத்தின் பஞ்ச உணவைத் தோட்ட நிர்வாகமும் எழுதவில்லை, அரசும் எழுதவில்லை, வருந்தத்தக்க வகையில் நாமும் எழுதவில்லை. எழுதாததால் அது அறிவாக மதிக்கப்படாமல், வறுமையின் அடையாளமாக மட்டும் தங்கிவிட்டது. விருந்தாளி வந்தால் பொலோஸை மறைத்துக் கோழி வாங்கும் வீடு ஒரு பக்கம். கொழும்பு உணவகத்தில் அதே பொலோஸ் விலையுயர்ந்த கறியாகப் பரிமாறப்படுவது மறுபக்கம்.

நாட்காட்டி குலைகிறது

கடந்த முப்பது ஆண்டில் இந்த ஒழுங்கு பல இடத்தில் உடைந்திருக்கிறது. 1992 இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபின், கைக்களையெடுப்புச் சுருங்கிக் களைநாசினி கூடியது. கீரையும் களையும் ஒரே மண்ணில் முளைப்பவை. கிளைபோசேற்றை அரசு 2015 இல் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டது. எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் தகரை பறிக்கவேண்டியிருக்கிறது.

இறப்பரின் பருவமே மாறிவருகிறது. 2019 இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான பெஸ்டலோட்டியொப்சிஸ் பூஞ்சை, மரத்தை இலையுதிர்காலத்துக்கு வெளியிலும் மொட்டையாக்குகிறது. மழைமாதங்களிலும் இலை கொட்டினால், ஆண்டுக்கு இரண்டு இறக்கம் என்றிருந்த கணக்கு சிதறிவிடும். பலா அந்த வேகத்துக்குக் காய்த்துத் தராது.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. உணவுக்கு மிக அதிகம் தவித்தவர்கள் தோட்டத்துறையினர் என்று உலக உணவுத் திட்டத்தின் கணிப்புகள் காட்டின. எண்பது ஆண்டுக்கு முன் அரிசியின் இடத்தைப் பிடித்த மா தவறியதும் லயங்கள் மறுபடி பலாவிடம் போயின. பிஞ்சைக் கறியாக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். கொட்டையை மணலில் வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்திருந்தார்கள். மரம் ஏறத் தெரிந்த இளைஞர் இன்னும் குறைவு. கொழும்பில் வேலைக்குப் போயிருந்தார்கள்.

மரம் யாருடையது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் 2015 க்குப் பின் வேகம் பெற்றது. வீடும் கழிவறையும் பாதையும் போக அதில் மிஞ்சும் இடத்தில் வளர்ந்த பலாவின் நிழல்கூட அடங்காது. இன்றும் உண்ணப்படும் மரங்கள் தோட்ட எல்லையிலும் ஓடைக்கரையிலும் பழைய லயத்தடியிலும் நிற்பவை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டத் தடைவிதிக்கிறது. பஞ்சத்தை மனத்தில் வைத்து இயற்றப்பட்ட நல்ல சட்டம். ஆனால் அந்த அனுமதியைக் கேட்பதும் பெறுவதும் நிலத்துக்கு உரியவர். அவர் மரத்தைப் பார்ப்பது பலகையின் விலையாக. மூன்று தலைமுறையாக அந்த மரத்தில் பிஞ்சும் காயும் கொட்டையும் உண்ட குடும்பத்தின் பெயருக்கு அந்த விண்ணப்பத்தில் ஓர் இடமும் கிடையாது.